சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்த டாக்டர்: யார் இந்த மேரி வர்கீஸ்? முதுகெலும்பு உடைந்தால் அடுத்து என்ன?

வேலூரில் பயிற்சி டாக்டராக இருந்தவர், 28 வயதில் ஒரு சாலை விபத்தில் இரண்டு கால்களின் செயல்பாட்டையும் இழந்தார். அதன் பிறகுதான் அவர் அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார், மறுவாழ்வு மருத்துவத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் வேரூன்ற வைத்தார். அவரது வாழ்க்கையும், எலும்பு, மூட்டு, தண்டுவடப் பாதிப்பு உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களும் இங்கே.

காரைக்கால் பக்கம் விழிதியூர் மாதிரி ஒரு டெல்டா ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஏறிய ஒருவர் கை நழுவிக் கீழே விழுந்துவிட்டார். நினைவு இருக்கிறது, பேசுகிறார். ஆனா கால் அசையலை. சுற்றி இருப்பவர்கள் பதறிப்போய் என்ன செய்வார்கள்? ஒருவர் கையைப் பிடிப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார். அப்படியே தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த வேலைதான் சில நேரங்களில் மிச்சம் இருந்த தண்டுவடத்தையும் கெடுத்துவிடுகிறது.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு, ஆபரேஷனும் முடிஞ்சாச்சு. மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகு? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. எப்போ நடப்பார் என்று மட்டும்தான் எல்லாரும் கேட்பார்கள். அந்தக் காத்திருப்பிலேயே முதுகில் புண் வந்துவிடும், முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும், சிறுநீரகம் கெட்டுவிடும்.

இந்தக் கேள்விக்குத் தன் உடம்பையே வைத்து விடை தேடியவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சியில் பிறந்து வேலூருக்கு வந்தவர்

மேரி புதிசேரில் வர்கீஸ் 1925-ல் கொச்சியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. ஊரிலும் தேவாலயத்திலும் மதிப்புள்ள குடும்பம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம்ம ஊர் மக்கள் சிஎம்சி என்று சொல்வார்களே, அதே கல்லூரிதான்.

அப்போது அது பெண்கள் மட்டுமே படித்த கல்லூரி. அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறிய மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு முழுக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. ஆண்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1947-ல்தான்.

மேரிக்கு மகப்பேறு, பெண்கள் நல மருத்துவத்தின் மீதுதான் ஆசை. படிப்பை முடித்து அந்தப் பிரிவில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எலும்போ, நரம்போ, தொழுநோயோ அவர் திட்டத்தில் இல்லவே இல்லை.

1954 ஜனவரி: ஒரு பயணம், ஒரு நொடி

1954 ஜனவரியில் ஒரு விடுமுறை நாள். இளம் டாக்டர்கள் சேர்ந்து ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். வழியில் வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம், முக எலும்புகளும் முறிந்தன. அதைவிடப் பெரிய சேதம் முதுகெலும்பில். உள்ளே இருந்த தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் உடலின் கீழ்ப்பாதி செயலிழந்தது. கால்களில் அசைவும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை.

முதுகெலும்புக்கும் தண்டுவடத்துக்கும் என்ன வித்தியாசம்?

பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளின் தொடர். அந்த அடுக்கின் நடுவே ஒரு குழாய் மாதிரி வழி இருக்கிறது. அதற்குள் மூளையில் இருந்து இறங்கும் நரம்புக் கட்டுதான் தண்டுவடம்.

எலும்பு உடைந்தால் சேரும். தேவைப்பட்டால் கம்பி, ஸ்குரூ வைத்து நிலைநிறுத்தலாம். ஆனால் தண்டுவடம் நசுங்கிவிட்டால் எலும்பு மாதிரி அது திரும்ப ஒட்டுவதில்லை. பகுதியளவு பாதிப்பு என்றால் ஓரளவு செயல்பாடு மீளலாம். முழுமையான பாதிப்பு என்றால் அந்த இடத்துக்குக் கீழே உள்ள அசைவும் உணர்வும் திரும்புவது மிக அரிது. இன்றைக்கும் நிலைமை இதுதான்.

அதனால்தான் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் கால் அசையாமல் இருக்கிறது. எலும்பின் சிகிச்சை முடிந்துவிட்டது, மனிதரின் சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மேரிக்கும் இதேதான். அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள் நடந்தன. மாதக்கணக்கில் படுக்கை. தான் டாக்டர் என்பதால் தன் நிலைமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மற்ற நோயாளிக்காவது ஏதாவது ஒரு நம்பிக்கை வார்த்தை சொல்லிச் சமாளிக்கலாம். அவரிடம் அதுவும் முடியாது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்களின் கதி என்ன?

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட வீரர்களில் பெரும்பாலானோர் நீண்ட நாள் உயிர் வாழவில்லை. அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பு இல்லை. படுக்கைப்புண்ணும், சிறுநீர்த் தொற்றும்தான்.

இந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியில் இருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத டாக்டர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பாதிப்புக்கான பிரிவைத் தொடங்கினார். நோயாளிகளைத் தவறாமல் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப்பையைக் கவனிப்பது, வேலையும் விளையாட்டும் கொடுப்பது என்று மூன்றையும் சிகிச்சையாகவே பார்த்தார். 1948-ல் அவர் அங்கே நடத்திய சிறிய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆனது.

ஆனால் 1954-ல் இந்தியாவில் இந்த அணுகுமுறை எட்டியவர்கள் மிகக் குறைவு. சாய்தளம் வைத்த கட்டடமோ, வீட்டுக்குள் திருப்பக்கூடிய சக்கர நாற்காலியோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விஷயம்.

பால் பிராண்ட் காட்டிய வழி

வேலூரில் அப்போது எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்தான், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் வந்து, தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் இயங்க வைப்பதில் முன்னோடியாக இருந்தார்.

மேரிக்குச் சிகிச்சை அளித்தவர்களில் பிராண்டும் ஒருவர். இழந்ததைப் பற்றிப் பேசுவதைவிட, மிச்சம் இருப்பது என்ன என்று அவர் பார்த்தார். மேரிக்கு மூளை இருக்கிறது, படிப்பு இருக்கிறது, இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றன. பிரசவம் பார்க்க நின்றாக வேண்டும். ஆனால் கை அறுவை சிகிச்சையில் நோயாளியின் கையை ஒரு மேசை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, டாக்டர் உட்கார்ந்தே வேலை செய்யலாம். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருந்தும் செய்யலாமே என்பதுதான் அவரது யோசனை.

மேரி உடனே துள்ளி எழுந்து சரி என்று சொல்லிவிடவில்லை. தயக்கம், பயம், உடம்பு வலி எல்லாவற்றையும் தாண்டி, சக்கர நாற்காலியோடு ஆபரேஷன் அறைக்குள் போய்ப் பழகினார். முதலில் உதவியாளர், பிறகு தானே கத்தி பிடிக்கும் சர்ஜன். எத்தனையோ தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்கள் அவர் கையால் நிமிர்ந்தன.

மடங்கிய விரல் எப்படி நிமிர்கிறது?

தொழுநோய்க் கிருமி தோலை மட்டும் தாக்குவதில்லை, நரம்பையும் தாக்குகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால், விரல்களின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் நகம் மாதிரி வளைந்துவிடும். சோற்றைப் பிசைய முடியாது, பேனா பிடிக்க முடியாது.

ஆனால் முன்கையில் நல்ல நிலையில் உள்ள தசைகள் இருக்கும். அதில் ஒன்றின் தசைநாரை எடுத்து விரல்களுக்கு இணைத்தால், அது புதிய வேலையைச் செய்யப் பழகிக்கொள்ளும். இதுதான் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை.

ஒரு முக்கியமான விஷயம். அறுவை சிகிச்சைக்கு முன்னாடியே பிசியோதெரபி தேவை. விரல் மூட்டுகள் இறுகிப்போய்விட்டால் தசைநாரை மாற்றியும் பயன் இல்லை. பிறகும் வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். கத்தி வேலை ஒரு நாள், கை வேலை செய்யப் பழகுவது பல மாதம்.

வலி இல்லாததுதான் ஆபத்து

பிராண்டின் குழுவினர் வேலூரில் கண்டுபிடித்த இன்னொரு உண்மை, மேரியின் சொந்த வாழ்க்கைக்கும் பொருந்தியது. தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதாக அதுவரை பலர் நம்பினார்கள். அப்படி இல்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடு வேலை செய்கிறார்கள், செருப்புக்குள் ஆணி இருப்பது தெரியாமல் நடக்கிறார்கள். சின்னக் காயம் பெரிய புண்ணாகி எலும்பு வரை போகிறது.

மேரியின் கால்களிலும் இடுப்பிலும் அதே நிலைதான். நாம் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நம்மை அறியாமலே நகர்ந்து உட்காருவோம். அழுத்தம் வலிக்கிறது என்று உடம்பு சொல்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் செய்தி வராது. எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது இடுப்பின் பின்புறம், குதிகால், உட்காரும் எலும்பு ஆகிய இடங்களில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்று புண்ணாகிவிடும். கையில் உணர்வு இழந்த நோயாளியும், காலில் உணர்வு இழந்த டாக்டரும் ஒரே பாடத்தைத்தான் படித்தார்கள்: வலி செய்ய வேண்டிய காவலைக் கண்ணும் கடிகாரமும் செய்ய வேண்டும்.

இந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்படியே பொருந்தும். பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்வு குறையும். சிலருக்குக் கணுக்கால், பாத மூட்டுகளில் சின்ன முறிவுகள் ஏற்பட்டும் வலி பெரிதாகத் தெரியாது. அதன் மேலேயே நடந்து நடந்து பாதத்தின் வடிவமே சரிந்துவிடும். சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் திடீரென்று வீங்கி, சூடாக, சிவப்பாக இருந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெர்த், நியூயார்க், மறுபடியும் வேலூர்

ஆபரேஷன் செய்ய முடிந்தது. ஆனால் படுக்கையில் இருந்து எழ, குளிக்க, இடம் மாற மற்றவர் உதவி தேவைப்பட்டது. அந்தச் சுதந்திரத்தைக் கற்றுக்கொள்ள மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் தண்டுவடப் பாதிப்புக்கான மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போனார். கைகளின் பலத்தை வைத்தே வாழ்வது எப்படி என்பதை அங்கே ஒரு நோயாளியாகவே கற்றார்.

அங்கே அவருக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். தனக்கு வெளிநாட்டில் கிடைத்த இந்தப் பயிற்சி, இந்தியாவில் மரத்தில் இருந்தோ கட்டடத்தில் இருந்தோ விழும் கூலித் தொழிலாளிக்கு எங்கே கிடைக்கும்? அவரது அடுத்த முடிவு அந்தப் பக்கம்தான் போனது. கை சர்ஜனாக ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்ட பிறகும், மறுபடியும் மாணவியானார்.

அமெரிக்காவில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவர் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானப்படை வீரர்களைக் கவனித்த அனுபவத்தில், நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர். உதவித்தொகை பெற்று மேரி அங்கே போய் இந்தத் துறையில் முறையான பயிற்சியும் தகுதியும் பெற்றார். சக்கர நாற்காலியில் கண்டம் தாண்டி, தனியாக, அந்நிய ஊரில் படிப்பு. சாய்தளமும் லிஃப்டும் எல்லா இடத்திலும் இல்லாத காலம் அது.

வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் திரும்பி வந்தார். 1963-ல் வேலூர் சிஎம்சி-யில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் செயல்படத் தொடங்கியது. இப்படித் தங்கும் வசதியோடு ஒரு துறை அமைந்தது இந்தியாவிலேயே இதுதான் முதல்முறை எனக் கருதப்படுகிறது.

அங்கே அப்படி என்ன நடக்கும்?

ஆஸ்பத்திரி வார்டு மாதிரி படுத்தே இருக்கும் இடம் இல்லை அது. மறுவாழ்வு மருத்துவத்தின் வேலை நோயை மட்டும் பார்ப்பது இல்லை, அந்த மனிதர் வீடு திரும்பி எப்படி வாழப் போகிறார் என்பதைப் பார்ப்பது. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், தொழில்வழிப் பயிற்சியாளர், செயற்கை அவயவம் செய்பவர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவே சேர்ந்து வேலை செய்யும்.

படுக்கையில் இருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவது, காலிப்பர் அணிந்து நிற்பது, சிறுநீரையும் மலத்தையும் நேரம் வைத்துக் கழிப்பது, சமைப்பது, கைத்தொழில் கற்பது எல்லாமே பாடம். கூடவே இருக்கும் குடும்பத்தவரும் மாணவர்தான். ஏனென்றால் ஊருக்குப் போன பிறகு நர்ஸ் அங்கே இருக்க மாட்டார். அம்மாவோ, மனைவியோ, அண்ணனோதான் இருப்பார்கள்.

தண்டுவடப் பாதிப்பு மட்டும் இல்லை. பக்கவாதம், கை கால் இழந்தவர்கள், மூட்டுவாதத்தால் கை விரல் கோணியவர்கள், பிறவியிலேயே மூளை வாதம் உள்ள குழந்தைகள் என்று இந்தத் துறையின் எல்லை பெரிது. பயிற்சி முடித்துப் போனவர்கள் திரும்ப ஒன்றுகூடும் விழாவும் வேலூரில் நடக்கிறது. மருத்துவப் பரிசோதனையும் உண்டு, விளையாட்டும் உண்டு.

புதிதாக அடிபட்டு வந்து, எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு நோயாளியைக் கற்பனை செய்யுங்கள். அவரைப் பார்க்க வரும் பெரிய டாக்டரே சக்கர நாற்காலியில் வருகிறார். அதற்கு மேல் என்ன அறிவுரை வேண்டும்?

1972-ல் மத்திய அரசு மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. தற்செயலாக அதே ஆண்டில்தான், 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர் பாராலிம்பிக்ஸ் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தார். மேரி 1986 டிசம்பரில் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இதே பாதிப்பு உள்ள பலர் சில வருடங்களைத் தாண்டாதபோது, இந்த எண்ணிக்கையே அவர் சொன்ன மருத்துவத்துக்குச் சாட்சி. அவர் பெயரிலான டிரஸ்ட் வேலூரில் மாற்றுத்திறனாளிகளுக்காக இன்றும் இயங்குகிறது.

சரி, நம்ம வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது?

விழுந்த இடத்தில்: கழுத்து, முதுகு வலி, கை கால் மரத்துப்போதல், அசைக்க முடியாமை இதில் எது இருந்தாலும் தண்டுவடப் பாதிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார வைக்காதீர்கள். நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தீ, தண்ணீர், வாகன நெரிசல் போன்ற ஆபத்து இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே அசையாமல் படுத்திருக்கட்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் நான்கும் ஒரே நேரத்தில், ஒரே கட்டை மாதிரி உருட்டி, பலகை அல்லது கதவின் மேல் வையுங்கள். ஒருவர் தலையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

படுக்கையில்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இரவிலும்தான். அலாரம் வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒருமுறை முதுகு, இடுப்பு, குதிகாலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்திவிட்டு விரலை எடுத்த பிறகும் மறையாத சிவப்பு அல்லது கருமை இருந்தால் அதுதான் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் மறுபடி அழுத்தம் படக் கூடாது. தேய்த்து மசாஜ் செய்யவும் கூடாது.

மூட்டுகளில்: அசையாத கால் மூட்டுகளை யாராவது தினமும் மெதுவாக முழு அளவுக்கு அசைத்துவிட வேண்டும். எப்படி என்பதை பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே எப்போதும் தலையணை வைப்பது நம்ம வீடுகளில் வழக்கம். இதமாக இருக்கும், ஆனா மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு காலிப்பர் போட்டு நிற்கவும் முடியாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உணர்வில்லாத காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

சக்கர நாற்காலியில்: கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்க வேண்டும், அல்லது ஒரு பக்கமாகச் சாய வேண்டும். நல்ல மெத்தை அவசியம். நாற்காலி அளவு அவரவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும். யாரோ தானமாகக் கொடுத்த பெரிய நாற்காலியில் சின்ன உடம்பு உட்கார்ந்தால் முதுகு கோணும், தோள் மூட்டு தேயும். நடக்க முடியாதவருக்குத் தோள்தான் கால். அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

எலும்பில்: உடல் எடையைத் தாங்காத கால் எலும்புகள் சீக்கிரம் பலம் இழக்கும். சின்ன அசைவில்கூட முறியலாம். அந்த முறிவு வலிக்காது, கால் வீக்கமாக மட்டுமே தெரியலாம். காரணம் தெரியாமல் கால் வீங்கினால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தக்கட்டாலும் வீங்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுநீரில்: சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. நேரம் வைத்துச் சுத்தமான டியூப் மூலம் வெளியேற்றும் முறையைப் பலர் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள். எந்த முறை பொருந்தும் என்பதை டாக்டர் முடிவு செய்வார். இதில் வெட்கம் பார்த்துத் தவிர்த்தால் பாதிக்கப்படுவது சிறுநீரகம்.

விழாமலே கால் செயலிழக்குமா?

ஆமாம். நம்ம நாட்டில் முக்கியமான ஒரு காரணம் முதுகெலும்பில் வரும் காசநோய். டிபி நுரையீரலுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. வாரக்கணக்கில் குறையாத முதுகுவலி, மாலை நேரக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, முதுகில் சின்னப் புடைப்பு இதெல்லாம் அறிகுறிகள். அரசு மருத்துவமனைகளில் டிபி மருந்து இலவசம். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் தண்டுவடம் நசுங்குவதற்கு முன்பே காப்பாற்றிவிடலாம்.

முதுகுவலியோடு கால் பலவீனமாவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். தைலம் தேய்த்துக்கொண்டு, எலும்பு தட்டிப் பார்ப்பவரிடம் போய் நாட்களைக் கழிக்கும் விஷயம் இல்லை.

சட்டம் என்ன தருகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. இதற்கெல்லாம் அடிப்படை தனித்துவ அடையாள அட்டை. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வருவதால், அங்குள்ளவர்கள் உதவித்தொகை, உபகரணங்களுக்குப் புதுச்சேரி சமூக நலத்துறையை அணுக வேண்டும். பக்கத்து ஊரான நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசின் திட்டங்கள். எல்லை இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் விண்ணப்பம் போகும் அலுவலகம் வேறு.

வீட்டு வாசற்படியில் முடியும் கதை

மறுபடி அந்த டெல்டா ஊருக்கே வருவோம். வீட்டுக்குத் திண்ணை இருக்கும், வாசலில் மூன்று படி இருக்கும், கழிப்பறை கொல்லைப்புறம் இருக்கும். சக்கர நாற்காலியோடு வந்து இறங்கும் ஒருவருக்கு அந்த மூன்று படிதான் மலை. ஒரு லோடு மண்ணும் கொஞ்சம் சிமென்ட்டும் போட்டுச் சரிவு கட்டினால் அவர் தானாக வெளியே வருவார். கட்டாவிட்டால் வாழ்நாள் முழுக்க யாராவது தூக்க வேண்டும், அல்லது உள்ளேயே கிடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பும் முன் டாக்டரிடம் எப்போது நடப்பார் என்று கேட்பது இயல்பு, கேளுங்கள். கூடவே இன்னும் சில கேள்விகளையும் கேளுங்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்கு எங்கே போக வேண்டும்? வீட்டில் யார் எதைக் கற்க வேண்டும்? என்ன அளவில் சக்கர நாற்காலி வாங்க வேண்டும்? அவர் என்ன வேலை செய்யலாம்?

மேரி வர்கீஸின் கால்கள் கடைசி வரை நடக்கவில்லை. அவர் நடப்பதற்காகவே காத்திருந்திருந்தால், நிமிர்ந்த அத்தனை விரல்களும் மடங்கியேதான் இருந்திருக்கும்.